லேசாக ஒரு தேய்ப்பு

வளைகுடாவில் நாலு கட்டில் போட்ட ஓர் அறைக்குள் நீங்கள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உட்காரச் சொல்வதற்கு முன், குடிக்கத் தண்ணீர் தருவதற்கு முன், உங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதற்கும் முன் ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, பச்சைப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டீர்களே என்பதுபோல் 'ச்சு' கொட்டுவார். அவர்தான் நான் சொல்ல வந்த ஜீவன். வாட்ச் செயினைப் புதிதாக்குகிறவர். தேய்ந்துபோன எதையும் இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று மனப்பூர்வமாக நம்புகிற இனம்.

இந்த இனத்துக்குப் பட்டறை கிடையாது. குருவும் கிடையாது. கட்டிலில் குப்புறப் படுத்து மொபைலில் பார்த்த நாலு வீடியோக்கள் உண்டு. அதிலும் மூன்றைப் பாதிதான் பார்த்திருப்பார், லேபர் கேம்ப் வைஃபையின் லட்சணம் அப்படி. கட்டிலுக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் பழைய டூத் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், பிதுக்கிப் பிதுக்கி உயிர்போன டூத் பேஸ்ட், மாஸ்கிங் டேப், பின்னைத் தள்ள ஓர் ஊசி, கூடவே எந்த வாட்சிலிருந்து மிஞ்சியவை என்று அவருக்கே தெரியாத ஏழெட்டுக் கண்ணிகள். மிஞ்சுமா என்கிறீர்களா? அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

ராஸ் அல் கைமாவில், டைல்ஸ் ஃபேக்டரி கேம்ப்பில் என் அறையில் இருக்கும் கிறிஸ்துதாஸ் அண்ணன் இந்த இனத்தின் உச்சம். குமரிக் கடற்கரைக்காரர், சூளை மெக்கானிக். வேலையில் புலி. மெஷினில் ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன் மூன்று தடவை யோசிப்பார். அடுத்தவன் வாட்ச் என்றால் மட்டும் அந்த மூன்று தடவையும் மிச்சம்.

லீவு நாளில் சர்ச் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் கடை திறந்துவிடும். யாராவது ஒருவரின் செயினைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார். எந்தப் பாத்திரத்தில்? எங்கள் அறையின் இன்னொரு ஆளான மாயாண்டியின் டீ கிளாஸில்.

"எப்பவும் ஏங் கிளாஸுதானாண்ணே?"

"ஒனக்க கிளாஸுக்குத்தான் மக்கா வாய் அகலம்."

பிறகு பிரசங்கம். கோடு போட்ட ஃபினிஷ் வேறு, கண்ணாடி ஃபினிஷ் வேறு. கோட்டை ஒரே பக்கமாகத்தான் இழுக்க வேண்டும், மாற்றி இழுத்தால் செயின் செத்துவிடும். ஓரத்துக்கு டேப் ஒட்டாமல் தேய்க்கிறவன் மனிதனே இல்லை. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே டேப் ஒட்டாமல் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பார். முடித்ததும் ட்யூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துக் காட்டி, "கம்பெனி ஃபினிஷ்!" என்பார். நாம் ஆமாம் என்று சொல்லும்வரை கையை இறக்கமாட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் சரவணகுமார் தன் வாட்சைக் கொடுத்தான். அவன் எங்கள் நாலாவது கட்டில், சிவகங்கைப் பக்கம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தங்கை ராதிகாவுக்குக் கல்யாணம். மறுநாள் காலை ஃப்ளைட். மாப்பிள்ளை அழைப்பன்று பெண்ணின் அண்ணன் எல்லார் முன்னிலையிலும் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்ட வேண்டும். மாப்பிள்ளையோ வீடியோ காலில், "மச்சான், நீங்க கட்டியிருக்கீங்கள்ல, வெள்ளையும் கோல்டுமா, அதே மாதிரி வேணும்" என்று கேட்டுவிட்டார். அந்த மாடல் இப்போது கடையில் இல்லை. "அதே மாதிரி என்ன, இதையே கட்டுறேன் மாப்ள" என்று இவனும் வாக்குக் கொடுத்துவிட்டான்.

மூன்று வருடக் களிமண் தூசி ஏறிய செயின். மங்கித்தான் போயிருந்தது.

"அண்ணே, ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"பேசாம இருலே. நான் பாத்துக்கிடுதேன். லேசா ஒரு தேய்ப்பு."

பேஸ்ட்டைப் பிதுக்கினார். பச்சை நாரை எடுத்தார். நடுக்கண்ணி வரிசையில் நார் ஓடியதும் துடைத்த துணியில் மஞ்சள் தீற்றல் விழுந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் எதைத் துவைத்தாலும் மஞ்சள்தான் வரும். சட்டை, சாக்ஸ், தலையணை உறை எல்லாவற்றிலும் அந்த மண். மஞ்சளைக் கண்டால் அது தீரும்வரை தேய்ப்பது எங்களுக்குக் கைப்பழக்கம்.

"பாத்தியாலே, எம்புட்டு மண்ணு கெடக்குன்னு!" என்றார் கிறிஸ்துதாஸ் அண்ணன்.

"ஆமாண்ணே, நல்லாத் தேயிங்க!" என்றான் சரவணகுமார்.

நானும் எட்டிப் பார்த்து, "அந்த ஓரத்துல இன்னும் இருக்கு" என்று காட்டிக்கொடுத்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு மணி நேரம். மஞ்சள் நின்றது. செயின் தலை முதல் வால்வரை ஒரே வெள்ளையாக ஜொலித்தது. குளித்துவிட்டுத் துண்டோடு உள்ளே வந்த மாயாண்டி ஒரு நிமிடம் பார்த்தான்.

"கோல்டு எங்கண்ணே?"

"எந்தக் கோல்டு?"

கேட்டு முடிப்பதற்குள் அண்ணனுக்கே புரிந்துவிட்டது. கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தார். கோல்டு முழுவதும் அதில்தான் இருந்தது.

சரவணகுமார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கட்டி வைத்திருந்த பெட்டிமேல் போய் உட்கார்ந்தான். "சொன்ன பேச்சு மாறிட்டான்னு என்னையச் சொல்லமாட்டாய்ங்கண்ணே. போற வீட்ல தங்கச்சியத்தான் சொல்லிக் காட்டுவாய்ங்க" என்றான்.

இந்த இனத்துக்கு மன்னிப்புக் கேட்க வராது, விளக்கம்தான் வரும். "வெள்ளதான மக்கா இப்ப ஃபேஷன்" என்று ஆரம்பித்தார். யாரும் நிமிரவில்லை. விளக்கம் பாதியில் நின்றது. எழுந்துபோய்த் தன் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். சரவணகுமாரின் வாட்சைப் பார்த்து ஆசைப்பட்டு, அந்த மாடல் தீர்வதற்கு முன் வாங்கியது. வெள்ளையும் கோல்டும். டிசம்பரில் மகள் அக்ஸா சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் தன் கையில் கட்டிக்கொள்வதற்காக ஒளித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. எங்களுக்கே தெரியாது.

"மாப்பிள்ளைக்கு இதக் கெட்டுலே. அக்ஸா எனக்க மூஞ்சியத்தான் பாப்பா, கையப் பாக்கமாட்டா."

சரவணகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்? அந்த மனிதர் அதுவரை நாசமாக்கிய அத்தனை செயின்களையும் அந்த நொடியில் மன்னித்துவிட்டேன். அவன் இரண்டு கையையும் நீட்டினான். அண்ணனும் நீட்டினார். நீட்டிய கை பாதி வழியில் நின்றது. வாட்சை ட்யூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பார்த்தார்.

"லாக்குல ஒரு கீறல் கெடக்கே. நில்லு மக்கா, லேசா ஒரு..."

மூன்று பேரும் பாய்ந்தோம். நான் கையைப் பிடித்தேன், மாயாண்டி வாட்சைப் பிடுங்கினான், சரவணகுமார் பிஸ்கட் டப்பாவை வராந்தாவில் வீசிவிட்டு வந்து கதவைத் தாழ்போட்டான். மறுநாள் விமானம் ஏறும்வரை அந்த வாட்சை அவன் கையிலிருந்து கழற்றவேயில்லை; குளிக்கும்போதுகூட.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து எத்தனை முறை உங்கள் வாட்சைப் பார்த்தீர்கள்? மணி பார்க்கவா? கட்டைவிரலால் செயினை ஒரு தடவை தடவி, சட்டை நுனியால் யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டீர்களே, அதற்குப் பெயர் என்ன? அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடியவில்லை, தேய்த்தே ஆக வேண்டும் என்றால் உங்களுடையதைத் தேயுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊரில் கல்யாணம் இருக்கலாம்.