அத்தைக்கு நான் செய்த நிர்வாக உதவி

பண்ணைக்காடு,
12-8-1961

மதிப்புக்குரிய அப்பாவுக்கு மகள் கண்மணி பணிவுடன் எழுதுவது. அய்யம்பாளையத்தில் நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே அத்தையும் நானும் அப்படியே என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அத்தை, தலைமையாசிரியை பதவி வேண்டாம், பழையபடி உதவி ஆசிரியையாகவே இருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் பள்ளி திறந்ததும் கொடுத்துவிடுவார்களாம். காரணம் நான்தான்.

புதுத் தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிக்கு அத்தை கொடைக்கானல் போனார்கள் அல்லவா? ஒரு ஸ்வெட்டரும் ஒரு புத்தகமும் கொண்டுவந்தார்கள். ஸ்வெட்டரை அவர்கள் போட்டுக்கொண்டார்கள், புத்தகத்தை நான் படித்தேன். தலைமை வகிப்பவர் குரலை உயர்த்தலாகாது என்று அதில் இருந்தது. அத்தை குரல் உங்களுக்குத் தெரியும். இங்கே ஆஜர் எடுத்தால் எதிர்ச்சரிவில் காப்பிக்குக் களை எடுக்கிறவர்கள் "உள்ளேன்" என்பார்கள். பயிற்சி கொடுத்தது சர்க்கார், இனித் துணை நிற்க வேண்டியது நான் என்று முடிவு செய்து, "நான் முதல் பெஞ்சில்தானே இருக்கேன், சத்தம் கூடினா இருமுறேன் அத்தை" என்றேன். அத்தையும் பாவம், சம்மதித்தார்கள்.

இரண்டு நாள் நன்றாக நடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குள் கடைசி பெஞ்சு மயில்சாமி, இருமினால் டீச்சர் திட்டுவது நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டான். வீட்டுப்பாடம் எழுதாதவர்களெல்லாம் இருமத் தொடங்கினார்கள். புத்தகத்தில் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று சுற்று வட்டாரத் தலைமையாசிரியர்கள் கூட்டம் எங்கள் பள்ளியில். டெபுடி இன்ஸ்பெக்டர் முன்னால் அத்தை எங்கள் வகுப்புக்கு மாதிரிப் பாடம் எடுத்தார்கள். ஆரம்பமே கொஞ்சம் உரக்க. இருமினேன். தணிந்தார்கள். வகுப்பு மொத்தமும் இருமியது. இன்னும் தணிந்து, கடைசியில் உதடு மட்டும்தான் அசைந்தது. பெரும்பாறை ஹெட்மாஸ்டர் சுப்புராஜ் சார் காதில் கை வைத்துக்கொண்டு, "டீச்சர், பாடம் நடக்குதுங்களா, மௌன அஞ்சலிங்களா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து, "எத்தனை நாளாப்பா இந்த இருமல்?" என்று கேட்டார்.

மயில்சாமி உண்மையைச் சொன்னான்: "டீச்சர் கொடைக்கானல் போயிட்டு வந்ததுலேர்ந்துங்க சார்."

கக்குவான் இருமல் என்று தீர்மானித்துவிட்டார். நான் எழுந்து, "சார், இது இருமல் இல்லைங்க, நிர்வாக உதவி" என்றேன். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார். பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. வந்தவர்கள் உப்புமாவைக்கூடத் தொடாமல் வெரசாக ஜீப் ஏறிவிட்டார்கள். மூன்று வேளையாக நாங்கள்தான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அத்தை என்னைத் திட்டவே இல்லை அப்பா. "எனக்கு இந்தச் சோலி ஒத்து வராதுடி" என்று மட்டும் சொன்னார்கள், அதுவும் மெல்லிய குரலில். அதுதான் பயமாக இருக்கிறது.

நீங்கள் உடனே பஸ் ஏறி வந்து, பதவியை விட வேண்டாமென்று அத்தைக்குச் சொல்லுங்கள். அண்ணன் பேச்சை மட்டும்தான் கேட்பார்கள். அம்மாவுக்கு என் வணக்கம், தம்பிக்கு முத்தம், உங்கள் ஆசி எனக்கு இப்போது நிறையவே வேண்டும்.

அன்பு மகள்,
கண்மணி

பின்குறிப்பு (திங்கள்): மழையில் தபாலாபீஸ் போக முடியாமல் கடிதம் இங்கேயே கெடக்கு. இன்று வெள்ளனே இன்ஸ்பெக்டர் ஒரு டாக்டரோடு வந்து, விடுமுறையிலிருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைத்தார். ஊசியைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லாம் காப்பித் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். அத்தை படியில் நின்று, "ஏலே, வாங்கலே எல்லாரும்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள். களை எடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்து, ஒருத்தருக்கும் இருமல் இல்லை என்றார். "இந்தக் குரலை அன்னிக்கு எங்கேம்மா வச்சிருந்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ராஜினாமாவைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. ஆகவே அத்தையைப் பதவியில் இருக்கச் சொல்லி நீங்கள் வர வேண்டாம். என்னை இந்த வீட்டில் இருக்க விடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள், போதும்.