கயிற்றர் கட்டிய கூரை

உரும்பிராயில் எந்தக் காற்றுக்கும் அசையாதது ஒன்று உண்டென்றால், அது கயிற்றர் கட்டியதாகத்தான் இருக்கும். புயல் என்று வானொலி வாய் திறந்தாலே போதும், என் பக்கத்து வீட்டு வளவிலிருந்து தோளில் நைலோன் கயிற்றோடு புறப்பட்டு விடுவார். தண்ணீர்த் தாங்கி, சைக்கிள், ஆடு எல்லாவற்றையும் கட்டுவார். ஒருமுறை கட்டிலில் படுத்திருந்த மனைவியையும் சேர்த்துக் கட்டிவிட்டாராம். கேட்டதற்கு, தான் கட்டிலைத்தான் கட்டியதாகச் சொன்னாராம்.

என் தகரக் கூரைதான் அவருடைய பெரிய கவலை. காற்று எழும்பினால் நான் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்க வேண்டும். அத்தனை பேர் நடுவில் உடுப்பு மாற்றக் கூச்சப்பட்டு ஈரச் சேலையோடேயே இருப்பேன். புயலுக்குத் தாங்கும்படி வீடு திருத்த அரசாங்கம் உதவி கொடுக்கிறதென்று கேள்விப்பட்டு, நானும் விண்ணப்பம் போட்டேன்.

பிரதேச செயலகக் கந்தோரிலிருந்து ஒரு பெண்பிள்ளை வீடு பார்க்க வருவதாக அறிவித்தார்கள். அன்று காலையே கயிற்றர் வந்து, இரண்டு பனைக்கும் கிணற்றுக் கட்டுக்குமாக இழுத்து, கூரைக்கு எட்டுக் கட்டுப் போட்டார். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கந்தோர் ஆக்கள் வரேக்கை கூரை ஆடிக்கொண்டு நிண்டா எங்களுக்கெல்லோ வெக்கம், தங்கச்சி" என்றார்.

வந்தவர் கூரையைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. உறுதியான கூரை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

உதவி கிடைப்போர் பட்டியலில் என் பெயர் இல்லையென்று தெரிந்ததும் கயிற்றர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கந்தோருக்குப் போய், அந்தப் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். வந்ததும் எட்டுக் கட்டையும் அவிழ்த்தார். தான் கட்டியதை அவர் தானே அவிழ்த்ததை ஊர் கண்டது அன்றுதான்.

"அந்தக் கூரை தானா நிக்கேல்லை, பிள்ளை. நான் பிடிச்சு வைச்சிருந்தனான். இப்ப ஒற்றைக் கையாலை தூக்கிப் பாருங்கோ."

தூக்கினார். தகரம் சட்டி மூடிபோல் எழும்பியது. உள்ளேயிருந்த பல்லி அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது. பல்லி விழுந்த பலனைக் கயிற்றர் விளக்கத் தொடங்க, அந்தப் பிள்ளை அவசர அவசரமாக எழுதி முடித்தாள்.

உதவி வந்தது. மேசன் வந்து, சுவரின் மேல் சுற்றிவரக் கொங்கிறீற்றுப் போட்டு, கூரையை இரும்புப் பட்டிகளால் அதோடு சேர்த்துப் பூட்டினார்.

அடுத்த மாரியில் காற்றென்று சொன்னதும் கயிற்றர் கயிற்றோடு வந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தார். கட்ட ஒன்றுமில்லை. முகம் வாடிப்போய் நின்றார். யாரோடும் நானாகப் போய்க் கதைத்ததில்லை. அன்று வாசலுக்கு வந்தேன்.

"கோழிக்கூட்டுக்கு அரசாங்கம் ஒண்டும் தரேல்லை, அண்ணை" என்றேன்.

பதினொரு கட்டு விழுந்தது. கம்பி வலைக்குள்ளால்தான் தீனி போட முடிந்தது. காற்று ஓய்ந்தும் மூன்று நாள் முட்டை எடுக்க முடியவில்லை. நான் அவிழ்க்கவில்லை.