'கூரை ஒழுகுகிறது': தலைப்பு திருத்தப்பட்டது

நாகரிகங்கள் ஆற்றங்கரையில் தோன்றின என்பார்கள். நிர்வாகம் என்னும் நாகரிகம் தோன்றியது மின்னஞ்சலின் தலைப்பு வரியில்தான். இதைக் கண்டறிந்து உலகுக்கு அளித்தவர் எங்கள் செக்‌ஷன் ஆபீசர் ராஜகோபாலன் சார். தில்லியில் அரசுக் குடியிருப்புகளின் பராமரிப்புப் புகார்களைக் கவனிக்கும் அலுவலகம் எங்களுடையது. 'கவனிக்கும்' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். அதற்கு மேல் நாங்கள் எதுவும் செய்வதில்லை.

எங்கள் கணினி ஒரு வெகுளி. ஒரே தலைப்பில் வரும் மடல்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வைக்கும். ஒரு கட்டுக்குள் மூன்றாவது நினைவூட்டல் சேர்ந்துவிட்டால் திரை சிவப்பாகும். அப்புறம் இன்ஜினியர் நேரில் போயே ஆகவேண்டும். தலைப்பு மாறிவிட்டாலோ அது வேறு கட்டு, அன்றுதான் பிறந்த புதுப் புகார். ஆகவே பதில் அனுப்பும்போதெல்லாம் தலைப்பை 'மெருகேற்றி' அனுப்புமாறு சார் உத்தரவிட்டார். மெருகேற்றும் திருப்பணி எனக்கு வாய்த்தது.

கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய குவார்ட்டர்ஸின் மேல்மாடியில் குடியிருக்கிறார் லிடியா. நாகர்கோவில்காரர், அரசு மருத்துவமனையில் நர்ஸ். மழை தொடங்கியதும் 'கூரை ஒழுகுகிறது' என்று எழுதினார். எவ்வளவு கொச்சையான தலைப்பு! 'மேல்தளத்தின் ஈரத்தன்மை தொடர்பாக' என்று மாற்றி, ஆவன செய்யப்படும் என்றேன். அவர் அந்தப் பதிலுக்கே பதில் போட்டு, கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறது என்றார். 'உறைவிட நீர்வரத்து குறித்து' என்று மாற்றினேன். கூரைக் காரை விரிசல் விட்டிருக்கிறது, அதன் கீழேதான் மகள் உட்கார்ந்து படிக்கிறாள் என்று படத்தோடு எழுதினார். 'புகைப்படம் பெறப்பட்டமை' என்று மாற்றினேன். பாவம், ஒவ்வொரு மடலிலும் எங்களுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை பெயர்ந்து விழுந்தது. மகள் மரியாவுக்குக் கை முறிந்தது.

லிடியா டியூட்டி உடையோடு நேரில் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. எங்களுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

"மழ தொடங்கினதுல இருந்து எழுதிட்டே இருக்கேன் சார். ஒருத்தரும் வந்து பாக்கல்ல."

சார் திரையை அவர் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்கோ மேடம். ஒவ்வொரு சப்ஜெக்ட்லயும் உங்க மெயில் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ரிமைண்டரே போடாம இன்ஜினியரை எப்படி அனுப்பறது?"

"நீங்க அனுப்பினதுக்குத்தான் நான் ரிப்ளை போட்டேன். சப்ஜெக்ட்ட மாத்தினது நீங்கல்லா?"

"அச்சா, மாத்தியிருக்கு. நீங்க பழைய சப்ஜெக்ட்லதானே ரிமைண்டர் போட்டிருக்கணும்?"

லிடியா விவரமான பெண். அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனில் தன் முதல் மடலைத் தேடியெடுத்து, அதே கொச்சைத் தலைப்பில் மூன்று நினைவூட்டல்களை அடுத்தடுத்து அனுப்பினார். திரை சிவந்தது. அலுவலக வரலாற்றில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. கம்ப்யூட்டர் தீப்பிடித்துவிட்டது என்று பியூன் முத்து மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

லிடியா படியிறங்கியதும் சார் என்னைப் பார்த்தார். "ஜல்தி, மெருகேத்துங்கோ."

'சிறுமியின் எலும்பு முறிவு தொடர்பாக' என்று திருத்தினேன். எலும்பு எங்கள் துறையில் வராது. எனவே தக்க நடவடிக்கைக்காக மருத்துவமனைக்கு அனுப்பினோம். மாவுக்கட்டுப் போட்டாயிற்று என்று அங்கிருந்து பதில் வந்தது. புகாரைத் 'தீர்ந்தது' என்று மூடினோம்.

இவ்வாண்டின் 'நிலுவையில்லா அலுவலகம்' விருது எங்களுக்கே. விழாவுக்குப் 'பயன்பெற்றோர்' சார்பில் லிடியாவை அழைத்தோம். மேடையில் இருக்கும் பெரிய அதிகாரியிடம் கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நம்பி, அவரும் மகளோடு வந்தார். மைக் அவர் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டோம். மரியாவை மட்டும் மேடைக்கு அழைத்து, சாருக்குப் பூங்கொத்து கொடுக்கச் சொன்னார்கள். அவள் இடது கையால் நீட்டினாள். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல காரியத்தில் இடது கை ஆகுமா?

"வலது கையால குடுக்கணும் கொழந்தே" என்றார் கனிவாக.

கொடுத்திருப்பாள். அதைத்தான் நாங்கள் உடைத்துவிட்டோமே.