கிணற்றுக்கு நீலம் போட்டவன்

ஒன்றுமே படிக்காதவன் செய்கிற தவற்றை அன்றைக்கே சரிசெய்துவிடலாம். ஒரே ஒரு பாடம் படித்தவன் செய்கிற தவறுதான் ஊரைச் சுற்றி வரும். எனக்கு வாய்த்த அந்த ஒரு பாடம், பள்ளியில் வாத்தியார் செய்து காட்டிய மணல் வடிகட்டி. மேலே சேற்றுத் தண்ணீரை ஊற்றினார். மணலையும் கரியையும் தாண்டி, கீழே தெளிந்த தண்ணீர் சொட்டியது. அன்றிலிருந்து பூமிக்கடியில் நடப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி என்று முடிவு செய்துகொண்டேன். (பூமி வாய் திறந்து மறுக்கப் போகிறதா என்ன!)

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்கார அரசோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மந்தின் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி அடித்து, ஒரு வாசல் மட்டும் வைத்திருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு மூடினால் காலையில்தான் திறப்பார்கள். கம்பிக்குள்ளே பாறையை உடைத்துத் தோண்டிய கிணறு ஒன்றுதான் அத்தனை பேருக்கும் தண்ணீர். நான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை தோட்ட ஆபீசில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ரப்பர் ஷீட் போடுகிற ஸ்டோரிலிருந்து வரும் புளித்த கழிவுநீர் நாற்றம் தாங்க முடியவில்லை. கம்பிக்கு வெளியே மேட்டில், பாறை வெடித்திருந்த இடத்தில் குழி வெட்டி அதை இறக்கிவிடலாம் என்றார் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் இரண்டு முறை யோசிப்பவர். மேட்டுக்குக் கீழே கிணறு இருக்கிறதே என்று தயங்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"பாறைன்னா என்னங்கய்யா? இறுகிப்போன மணல். மணலே அப்படி வடிகட்டுதுன்னா, பாறை எப்படி வடிகட்டும்! கீழ வந்து சேரவே நூறு வருசம் ஆகும்."

"உமக்கு வடிவாத் தெரியுமோ தம்பி?"

"சோதிச்சே காட்டுறேன்யா."

கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பாப்பாத்தி அக்காவிடமும் இதே பிரசங்கத்தைச் செய்தேன். ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்த களைப்பிலும் பொறுமையாகக் கேட்டார்.

"மேட்டுல மழ பேஞ்சா சாயங்காலமே தண்ணி செவப்பா வருதே, அந்தப் பொடி மண்ணு எங்கேருந்து வருது?"

"கிணத்துச் செவரு உதிருதுக்கா."

"செவரு பூரா கருங்கல்லு லா! அதுல செவப்பு எங்க இருக்கு?"

ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.)

டோபி சின்னையா அண்ணனிடம் துணிக்குப் போடுகிற நீலத்தூள் ஒரு டின் கேட்டேன். "எதுக்குடா இவ்வளவு? யானைக்கு வேட்டி தொவைக்கப் போறியா?" என்றார். "வேணும்ணே" என்றேன், அவ்வளவுதான். ரகசியமில்லாமல் விஞ்ஞானமா? வாசல் காவலர்கள் காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறேனா என்று மட்டும் தடவிப் பார்த்தார்கள். நீலம் அவர்கள் பட்டியலில் இல்லை.

உச்சிவெயிலில் வாளி வாளியாக நீலத்தைக் கரைத்து வெடிப்பில் ஊற்றினேன். ஒரு சொட்டுகூட மேலே தேங்கவில்லை. கல் எப்போது இவ்வளவு அவசரமாகத் தண்ணீர் குடித்தது என்று அப்போதாவது யோசித்திருக்கலாம். சற்று நேரத்தில் மழை வேறு பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்குப் பாப்பாத்தி அக்காவின் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வாளியில் வானம் மாதிரி தண்ணீர்.

அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. தண்ணீர் கல்லுக்குள் ஊறி வரவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற வெடிப்பில் ஓடி வந்திருக்கிறது. ஒரு வெடிப்பு இன்னொன்றில் சேர்ந்து, அது கிணறுவரை போயிருக்கிறது. பொடியைப் பிடித்து நிறுத்த அங்கே மணல் ஏது? என் நூறு வருசம் நாலு மணி நேரத்தில் தீர்ந்துபோனது.

"வெசம்! காட்டுலேருந்து வந்து எவனோ கலந்துட்டான்!" என்று கூட்டம் கத்தியது. காவலர்கள் கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். நாக்கு நீலமான குழந்தைகளை அம்மாக்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நீலம் யாரிடம் இருக்கும் என்று கேட்க ஒருவருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. சின்னையா அண்ணன் வீட்டில் தேடினார்கள். ஒரு டின் குறைந்தது.

கூட்டத்தில் நின்ற என்னை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு காவலர் பக்கம் திரும்பி, "கிணத்துக்கு நீலம் போட்டு நான் எந்தக் கொடியிலங்க காயப்போடுவேன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவரை விடவில்லை, காவல் கொட்டகையில் அடைத்து வைத்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர், அவர் வேலை போய்விடும். எனக்குக் கிடைக்கவிருந்த உத்தியோகம் போய்விடும். பிடித்துக்கொண்டு போனால் எப்போது விடுவார்களோ. (காரணங்கள் அன்றைக்கு வரிசையில் நின்றன. கால்தான் முன்னே வரவில்லை.)

மறுநாள் காலை ஆபீசுக்குப் போய், "ஐயா, அது நான்" என்றேன்.

கிராணியார் கண்ணாடியைக் கழற்றினார். "எப்ப தெரியும் உமக்கு?"

"நேத்து நாலு மணிக்கு."

"இப்ப எட்டு மணி. அவனை ஏத்தின போலீஸ் லோரி விடியவே வெளிக்கிட்டுட்டுது, தம்பி."

அவர் துரையிடம் ஓடினார், டெலிபோனைச் சுற்றினார். என்னை ஆபீசிலிருந்து நிறுத்தினார்கள். அப்பா பல மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சின்னையா அண்ணன் திரும்பி வந்தார், தங்குவதற்கு அல்ல. இஸ்திரிப் பெட்டியையும் மூட்டைகளையும் கட்டிக்கொண்டு ராசா என்ற ஊரில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். ஒரு மூட்டையை நான் தூக்கி லாரியில் வைத்தேன்.

"அண்ணே, சொல்லணும்னுதான்..."

"சொன்னியே. கேள்விப்பட்டேன்." மூட்டைக் கயிற்றை இழுத்து இறுக்கினார். "ராத்திரி பூரா வாசல் பக்கமே பாத்துகிட்டு இருந்தேன்டா, இப்ப வந்துருவான், இப்ப வந்துருவான்னு."

குழி வெட்டப்படவில்லை. கிணற்றைப் பலமுறை இறைத்து ஊற்றிய பிறகு தண்ணீர் தெளிந்தது.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். தண்ணீர் வர நாலு மணி நேரம், இவர் வாயிலிருந்து உண்மை வர பதினாறு மணி நேரம் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள். வீட்டில் யார் எதை மறைத்தாலும், "தண்ணியே வந்துருச்சு, நீ எப்ப வருவே?" என்றுதான் கேட்பாள். போன வாரம் சின்ன மகள் விளக்கைப் போட்டு உடைத்தாள். சத்தம் அடங்குவதற்குள், "நான்தான்! அப்பா, மணி பாத்துக்குங்க!" என்று கத்தினாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

நான் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.