மோப்பக்காரரின் லேசர்

சேர்வராயன் மலையில் இதுவரை மூச்சு விட்ட மனிதர்களிலேயே, விடுகிற மூச்சைக்கூடச் சந்தேகப்பட்ட ஒரே ஆள் எங்கள் மோப்பக்காரர்தான். அது ஊர் வைத்த பெயர். கம்பெனிக்கு அவர் இன்ஜினியர். எண்பதுகளின் கடைசியில், மஞ்சக்குட்டையில் பழைய காப்பி குடோன் ஒன்றைப் பிடித்து, தொழிற்சாலையில் வாயு கசிந்தால் காட்டிக்கொடுக்கும் லேசரைச் செய்துகொண்டிருந்தார். நான் அங்கே ரைட்டர். கடிதம் எழுதுவதும் அவர் கோபத்தைத் தாங்குவதும் என் வேலை.

அந்த லேசர் மிளகைவிடச் சின்னது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும். ரேடியோவில் முள்ளைத் திருப்பி ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி, மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் ஒளியின் அலை நகரும். அம்மோனியா விழுங்குகிற அலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், மூக்குக்கு எட்டாத துளிகூட மீட்டர் முள்ளில் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த லேசர் மகாராணிக்குச் சதா குளிர் வேண்டும். அதற்கான திரவ நைட்ரஜன், சேலத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிற இடத்தில்தான் கிடைக்கும். கேனை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அதற்கும் ஒரு டிக்கெட் எடுப்பார்.

"ஏனுங்க, கேன்ல பொகை வருதுங்களே!" என்று கண்டக்டர் பதறுவார்.

"பொகை இல்லீங்க, வெறுங் குளுருதானுங்க. வெடிக்காதுங்க."

வெடி என்ற வார்த்தை போதாதா? அடுத்த வளைவுக்குள் சுற்றியிருந்த சீட்டெல்லாம் காலி.

குடோன் பக்கம் ஆடு கட்டக்கூடாது, அதன் மூத்திரத்திலும் அம்மோனியா வருமாம். தலைக்கு டை அடித்து வந்த வாட்ச்மேனை, "அதுல அம்மோனியா இருக்குதுங்க, ஊட்டுக்குப் போய்க் கழுவிட்டு வாங்க" என்று துரத்திவிட்டார். பாவம், வாட்ச்மேன் மகளை அன்று பெண் பார்க்க வருகிறார்கள்.

ஓர் உரத் தொழிற்சாலையிலிருந்து மூன்று பேர் சோதனை பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்கள் தலையாட்டினால் குடோன் பிழைக்கும். இல்லையென்றால் மூடிவிடுவதாகக் கம்பெனி எழுதிவிட்டது.

முந்தின நாள் பார்த்து என் புத்தி மேயப் போயிற்று. என் தோட்டத்துக்கு வந்த கோழி எருவை, "லாரி மேட்டுல ஏறாதுங்க" என்று டிரைவர் சொன்னதால், குடோனுக்குப் பின்னால் இறக்கி, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினேன். விடிந்ததும் அள்ளிவிடலாம் என்று நினைப்பு. அவர்கள் விடிந்ததுமே வந்துவிட்டார்கள்.

சோதனைக்கு வைத்திருந்த அம்மோனியா சிலிண்டரைத் திறக்கும் முன்பே முள் எகிறி நின்றது. மோப்பக்காரர் கருவியின் கண்ணாடிகளைத் துடைத்தார், அலையை மாற்றி மாற்றி வைத்தார். அந்தப் பாழாய்ப்போன முள் இறங்கவே இல்லை. அவருக்கோ அன்று பார்த்துச் சளி, மூக்கடைப்பு.

"ஏனுங்க ரைட்டரே, இங்க அம்மோனியா வர்ற மாதிரி ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

"இல்லீங்க சார்."

வேலை போய்விடும் என்ற பயம். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. "திறக்காத சிலிண்டருக்கே இந்தக் குதி குதிக்குதே!" என்று சிரித்தபடி வந்தவர்கள் ஜீப் ஏறினார்கள்.

ஒரே மாதத்தில் குடோன் மூடப்பட்டது. அந்த மாதம் முழுக்க அவர் மகாராணியைப் பிரித்துப் பிரித்துக் குற்றம் தேடினார். "எங்கியோ நாந்தான் தப்புப் பண்ணிட்டனுங்க" என்பார். சோறு இறங்கவில்லை அவருக்கு. படுபாவி நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெட்டியோடு பஸ் ஏறும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"சார், அன்னிக்குக் குடோனுக்குப் பொறத்தால கோழி எரு கெடந்துச்சுங்க. நாந்தானுங்க எறக்குனேன்."

அறைவார் என்று நின்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப அது சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க ரைட்டரே! நொம்பச் சரியா!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஸ் கிளம்பிவிட்டது.

ஓர் அறை விட்டிருக்கலாம், அந்த நல்ல மனுஷன்.