தூங்க வைக்கும் டியூட்டி

“நாலாம் கட்டில் பாப்பா தூங்கியாச்சா?” என்று தலைமை நர்ஸ் வாசலில் நின்றபடியே கேட்டபோது, நாலாம் கட்டிலில் ஒரு சிறுமி குதித்துக்கொண்டிருந்தாள்.

“இதோ, கண்ணு சொக்குது மேடம்!” என்று புது நர்ஸ் கூசாமல் புளுகினாள்.

“தலையில ஒயர் ஒட்டி எடுக்கிற டெஸ்ட். தூங்கினாத்தான் எடுக்க முடியும். டெக்னீஷியன் மத்தியானம் கிளம்பிடுவார். இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் குழந்தைக்கு வைத்தியம் ஆரம்பிக்க முடியாது. உன்னால முடியலன்னா சொல்லு, பெரியவங்க வார்டுக்கு மாத்திடறேன். அங்க எல்லாரும் தானாவே தூங்குவாங்க.”

தலைமை நர்ஸுக்கு வார்டில் ‘சைரன்’ என்று பெயர். அவள் போன பிறகும் காது கொஞ்ச நேரம் ரீங்காரமிட்டது.

புது நர்ஸ் அவசரமாக நாலாம் கட்டிலுக்கு ஓடினாள். குழந்தைகள் வார்டுதான் வேண்டும் என்று தவம் கிடந்து வந்தவள் அவள்.

டெஸ்டுக்காக ராத்திரி பூராவும் குழந்தையைத் தூங்கவிடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். பாவம், அந்த மனிதர் இப்போது நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சிறுமியோ பந்து மாதிரி துள்ளினாள். கையில் பெயர்ப்பட்டை இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அந்தக் கை ஓரிடத்தில் நின்றால்தானே!

“ராத்திரி பூரா முழிச்சிருந்த பொண்ணாடி நீ?” என்று பெருமூச்சு விட்ட நர்ஸ், தாலாட்டை ஆரம்பித்தாள்.

“அக்கா, பாடாதீங்க.”

“ஏன் கண்ணு?”

“ரொம்பச் சத்தமா இருக்கு.”

நர்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னும் உருக்கமாகப் பாடினாள். எதிர்க்கட்டில் கைக்குழந்தை வீறிட்டது. அதைக் கேட்டுப் பக்கத்துக் குழந்தை, அதைக் கேட்டு அடுத்தது என்று வார்டே அலறியது. நடுவில் அப்பாவின் குறட்டை வேறு.

குறட்டையை நிறுத்தலாம் என்று அவர் தலையை லேசாகத் திருப்பினாள். மனிதர் அப்படியே சரிந்தார். ஆயாவைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து, காலியாக இருந்த ஐந்தாம் கட்டிலில் மடக்கிப் போட்டார்கள். அந்த வழியாக வந்த பயிற்சி டாக்டர் எதையும் கேட்காமல் அவர் அக்குளில் தெர்மாமீட்டரைச் சொருகிவிட்டுப் போனார்.

“இருட்டாக்கினாத் தூக்கம் வரும்,” என்று நர்ஸ் திரைகளை இழுத்து விளக்கை அணைத்தாள். இருட்டில் ஆயா வாளியில் இடறி விழுந்தாள். வாளி வார்டின் அந்தக் கோடிவரை உருண்டது.

“உஷ்!” என்றாள் சிறுமி. “அக்கா, நீங்க படுங்க. நான் தட்டிக் குடுக்கறேன்.”

“அப்புறம் நீ தூங்குவியா?”

“முதல்ல படுங்க, சொல்றேன்.”

சும்மா பாசாங்குக்குத்தான் படுத்தாள். விடியற்காலையிலிருந்து நின்ற கால்கள். பிஞ்சுக் கை ஒன்று முதுகில் மெல்லத் தட்டியது. அடடா, என்ன சுகம்!

“என்னம்மா இது?”

சைரன்! நர்ஸ் துள்ளி எழுந்தாள். பின்னால் டெக்னீஷியன், தோளில் பையோடு கிளம்பும் கோலத்தில் நின்றார்.

“குழந்தையைத் தூங்க வைக்கச் சொன்னா, நீ படுத்துத் தூங்கறியா? நாளையிலேர்ந்து பெரியவங்க வார்டு!”

“மேடம், என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். இவ தூங்கவே மாட்டேங்கறா,” என்று சொல்லும்போதே நர்ஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிறுமி உதட்டில் விரலை வைத்து மூன்று பேரையும் முறைத்தாள். பிறகு குனிந்து, தொங்கிய போர்வையை மெதுவாகத் தூக்கிக் காட்டினாள். கட்டிலுக்கு அடியில், கையில் பெயர்ப்பட்டையோடு, இன்னும் சின்னதாக ஒரு பெண் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“டெஸ்ட் என் தங்கச்சிக்குத்தான், நீங்க பாடிப் பாடி அவளை எழுப்பிட்டே இருந்தீங்களா, அதான் அக்கா, முதல்ல உங்களைத் தூங்க வெச்சேன்.”