வீட்டுக்கு உங்கள் அக்காதான் வாட்ச்மேன்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. தாங்களும் தங்கையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் அக்கா நலம், உத்தியோகம் கிடைத்து ரொம்ப நலம். என் நிலைமைதான் நடுத்தெரு.

மொட்டைமாடியில் நாலு சோலார் தகடு போட்டேன். எலெக்ட்ரீஷியன் மாட்டிவிட்டுப் போனதோடு பேசாமல் இருந்திருக்கலாம். நகரமைப்பு அலுவலகத்தில் படம் வரைகிற தாங்கள்தான், "முறைப்படி அனுமதி வாங்கிடுங்க அத்தான், பின்னாடி தலைவலி வராது" என்றீர்கள். உங்கள் அதிகாரி வந்து, அண்ணாந்து பார்த்து, இது என்ன செய்யும் என்றார். மின்சாரம் உற்பத்தி செய்யும் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். உற்பத்தி நடந்தால் அது தொழிற்சாலையாம். மாடி தொழிற்சாலையாக இருந்துவிட்டுப் போகட்டும், கீழே நாங்கள் குடியிருக்கிறோமே என்றேன். வரைபடத்தில் எதையும் மேலேயிருந்துதான் பார்ப்பார்களாம், மேலேயிருந்து பார்த்தால் மாடிதான் தெரியுமாம். படத்தில் குடியிருப்புக்கான மஞ்சளாக இருந்த என் வீட்டுக்குத் தொழிற்பகுதியின் ஊதா நிறத்தை அடித்துவிட்டார். அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது, ஒரு வாட்ச்மேன் மட்டும் தங்கலாம் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, "நான் இருக்கேன் சார்"னு உங்க அக்கா முந்திக்கிட்டா.

இப்ப நான் படுக்கிறது எதிர்த்த சலூன் பெஞ்சுல. ஷேவிங்குக்கு ஆள் வந்தா சலூன்காரர் எழுப்பி விட்டுடுறார். பல் விளக்க வீட்டுக்குப் போனா உங்க அக்கா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, "யாரைப் பாக்கணும்?"ங்கிறா. உன்னைத்தான்னா, "டூட்டி நேரத்துல சொந்தக்காரங்களைப் பாக்கக் கூடாது"ங்கிறா. கல்யாணம் ஆனதுலேருந்து இப்பத்தான் குறட்டைச் சத்தம் இல்லாமத் தூங்குறாளாம், பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கா. நான் கட்டின வீடு, என் கட்டில், என் தலையணை. வயிறு எரியுது மச்சான். கலர் பென்சில் உன் கையிலதானே இருக்கு, என் வீட்டைத் திரும்ப மஞ்சளாக்கிடுப்பா.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். தங்கையை விசாரித்ததாகச் சொல்லவும். அவள் கண்ணில் வாட்ச்மேன் வேலை விளம்பரம் எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தொழிற்சாலை முதலாளி,
சலூன் பெஞ்ச்.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது அதிகாரியே வந்தார். எலெக்ட்ரீஷியன் தகடுகளை மாட்டினாரே தவிர, ஒயரை இணைக்கவே இல்லையாம். உற்பத்தியே நடக்காததால் இது வீடுதான், மஞ்சளை நானே அடித்துவிடுகிறேன், குடிபோகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். படத்தைத் தொட வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் உங்கள் அக்கா ஏணி போட்டு ஏறி, ஒயரைத் தானே இணைத்துவிட்டாள். பெஞ்சிலிருந்து பார்க்கிறேன், உற்பத்தி நடப்பதைக் காட்டும் பச்சை விளக்கு மாடியில் நன்றாகத்தான் எரிகிறது.